ஸ்காட்ச் ஏல் எப்படி இருக்கும்? நம்மூர் ஸ்ட்ராங் பீர் மாதிரிதானா?

இரண்டு சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்ச் ஏல் என்றால் விஸ்கி கலந்த பீரா? பாட்டிலில் 7, 8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் நம்மூர் ஸ்ட்ராங் பீர் மாதிரிதானா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். விஸ்கி ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஸ்காட்லாந்துப் பாணியில் காய்ச்சிய கெட்டியான பீர், அவ்வளவுதான். லேபிளில் ‘வீ ஹெவி’ என்று இருந்தாலும் இதே வகைதான்.

இரண்டாவதுதான் விஷயமுள்ள கேள்வி. போதைக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. நம்மூர் ஸ்ட்ராங்கும் 8 சதவீதம் வரை போகிறது. அந்த ஆல்கஹால் எதிலிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நம்மூர் பீர்களில் பார்லியோடு அரிசியோ சோளமோ சர்க்கரையோ சேர்ப்பது வழக்கம். ஈஸ்ட் அதையெல்லாம் பெரும்பாலும் தின்று ஆல்கஹாலாக்கித் தீர்த்துவிடும். போதை ஏறும், வாயில் ஒன்றும் நிற்காது. ஸ்காட்ச் ஏலில் ஏறக்குறைய எல்லாமே மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதைத் தாராளமாகப் போட்டு, சாற்றைக் கெட்டியாக எடுத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டு, ஈஸ்ட்டைக் கொஞ்சம் குளிர்ச்சியிலேயே நிதானமாக வேலை செய்ய விடுகிறார்கள். ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை நிறையவே மிஞ்சும். நாக்கில் உட்காரும் அந்தக் கனம் அதனால் வருவது. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. அதன் கசப்பு, தித்திப்பு திகட்டாமல் இருக்கிற அளவுக்கு மட்டுமே.

நான் ருசித்தவற்றில் என் ஓட்டு டிராக்வேர் ஹவுஸ் ஏலுக்கு. 7.2 சதவீதம். டிராக்வேர் ஹவுஸ் என்பது ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே, இன்னர்லீதன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மாளிகை. அந்தக் குடும்பத்தின் 20-ஆவது பிரபுவான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட், வீட்டிலேயே மறந்துபோய்க் கிடந்த 18-ஆம் நூற்றாண்டுக் காய்ச்சும் சாமான்களைக் கண்டெடுத்து, 1965-இல் மறுபடி அடுப்பு மூட்டினார். சிறு ஆலைகளில் தனிப் பக்குவத்தில் காய்ச்சும் ‘கிராஃப்ட் பீர்’ என்ற பேச்சே எழாத காலம். இப்போது அவர் மகள் கேத்தரின் பொறுப்பில் நடக்கிறது. ஊரெல்லாம் எஃகுத் தொட்டிக்கு மாறிவிட்ட பிறகும் இங்கே ஓக் மரத் தொட்டிகளில்தான் புளிக்க வைக்கிறார்கள்.

சரி, சுவைக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, தப்பு, எடுத்த குளிரோடு குடிக்காதீர்கள். அந்த நிலையில் ஒரு மொண்ணைத் தித்திப்பும், பின்னால் லேசான கருகல் கசப்பும்தான் தெரியும். வயிறு அகன்று வாய் குவிந்த கிளாஸில் பாதி ஊற்றி, மேஜைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். 10 முதல் 13 டிகிரிக்கு வரட்டும். மேலே இருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரிவது, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அடர் சிவப்பாக மாறும். நுரை அதிகம் நிற்காது.

இப்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, அதையே இன்னும் நன்றாக வறுத்தால் எப்படியோ அப்படி. வாயில் முதலில் உலர்திராட்சை, அப்புறம் ரொட்டியின் முறுகிய ஓரம். விழுங்கும்போது தித்திப்பு சட்டென்று விலகி, ஓக் மரத்தின் துவர்ப்பு நாக்கின் பக்கவாட்டில் பிடிக்கும். இந்தத் துவர்ப்பு இல்லையென்றால் அரைக் கிளாஸிலேயே போதும் என்றாகிவிடும். ஆல்கஹால் தொண்டையில் குத்தாது. நெஞ்சில் இதமாகச் சூடு பரவும்போதுதான் இருப்பதே தெரியும்.

அதே இடத்து ஜாகோபைட் ஏலையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற ஜாகோபைட்டுகள் நடத்திய 1745 கிளர்ச்சியின் 250-ஆவது ஆண்டை ஒட்டி 1995-இல் காய்ச்சத் தொடங்கியது, 8 சதவீதம். அதில் போடும் மசாலா நம் தனியா! ரசப்பொடி வாசனையை எதிர்பார்க்க வேண்டாம், எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு மெல்லிய மணம்தான் வரும்.

அமெரிக்கக் கிராஃப்ட் ஆட்கள் இதே வகையைத் தங்கள் போக்கில் செய்கிறார்கள். மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ் என்ற ஆலை காய்ச்சும் ‘டர்ட்டி பாஸ்டர்ட்’ 8.5 சதவீதம், கசப்பு தூக்கல், லேசாகப் புகைவாடையும் உண்டு. ஸ்காட்ச் என்றாலே பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் எரிபொருள்) புகை என்று அங்கே பலருக்கும் ஒரு நினைப்பு. அது விஸ்கியிலிருந்து தொற்றியது. ஸ்காட்லாந்தின் பழைய ஏல்களுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறப்போட்ட வகைகளும் உண்டு. பலர் உருகுவார்கள். எனக்கு அதில் வனிலாதான் தெரிகிறது, மால்ட் எங்கேயோ அமுங்கிவிடுகிறது.

சைட் டிஷ் விஷயத்தில் மட்டும் நம்மூர்ப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். மிளகாய்க் காரத்தோடு குடித்தால் ஆல்கஹாலின் எரிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். நாள்பட்ட செடார் சீஸ் ஒரு துண்டு, இல்லையென்றால் உப்புப் போட்டு வறுத்த முந்திரி போதும். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பிரித்துக்கொள்வது உத்தமம்.