அக்காகிட்ட கேளுங்க: நாலு மணி பசிக்கு புள்ளைக்கு என்ன குடுக்குறது?

கேள்வி: அக்கா வணக்கம். என் மகனுக்கு நாலு வயசு. தடிகால (பாலர் பள்ளியில) இருந்து வந்து ரெண்டு வாய் சோறு தின்னுட்டு எந்திரிச்சிடுவான், அப்புறம் நாலு மணி ஆனா கெரோப்போக் சிப்ஸ் வேணும் சாக்லேட் பிஸ்கட் வேணும்னு ஒரே அழுகை. பழம், கேரட் வெச்சா தட்டையே தள்ளி விட்டுடுறான். ஆன்லைன்ல பாத்து பாண்டா கரடி மாதிரி சோறு செஞ்சு குடுத்தேன், ஒரு மணி நேர வேலை, அவன் கண்ண மட்டும் புடுங்கி தின்னுட்டு ஓடிட்டான். நானும் வேலைக்கு போறவ அக்கா, என்னதான் செய்யட்டும்?
- செந்தூல் வாசகி

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த பாண்டாவ விடுங்க. நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து செஞ்சீங்க, அவனுக்கு அதுல என்ன வேலை இருந்துச்சு சொல்லுங்க. நாலு வயசு கைக்கு பிசையணும், உருட்டணும், ஊத்தணும், அத அவன்கிட்ட குடுத்துடுங்க, அவன் கைப்பட செஞ்சத அவனே வாயில போட்டுப் பாப்பான்.

பசார்ல ஆரஞ்சு கலர் கெலெடெக் கேளுங்க, நம்ம சக்கரவள்ளிக்கிழங்குதான், அந்த கலர்லதான் வைட்டமின் ஏ-க்கு வேண்டிய சத்து இருக்கு. ஆவியில வேக வெச்சு தோல உரிச்சு நல்லா ஆறினப்புறம் ஒரு முள்கரண்டியோட அவன் முன்னாடி வெச்சிடுங்க, மசிக்கட்டும். துருவின தேங்காயில ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஆவி காட்டிக்கோங்க, நம்ம ஊரு வெயிலுக்கு பச்சையா வெச்சா சீக்கிரம் புளிச்சிடும். கிழங்க சின்ன சின்னதா உருட்டி தேங்காயில பொரட்டி எடுத்தா பாக்க ஒண்டே ஒண்டே உருண்டை பலகாரம் மாதிரியே இருக்கும். ஆனா புலுட் (ஒட்டுற அரிசி) மாவு சேக்காதீங்க, அது இழுத்துக்கும், சின்ன புள்ள தொண்டையில மாட்டினா ஆபத்து. குலா மலாக்கா வெல்லமும் வேணாம், கிழங்கே இனிக்கும்.

ஞாயித்துக்கிழம இன்னொன்னு செய்யலாம், நாம சின்ன வயசுல கடிச்சு உறிஞ்சின ஐஸ்கிரீம் மலேசியா! பாதி சிவப்பு டிராகன் பழம், ரெண்டு பிசாங் எமாஸ் (சின்ன வாழப்பழம்), ஒரு கப் சீனி போடாத தயிர், எல்லாத்தையும் பிளெண்டர்ல அடிச்சிடுங்க. அவன் புனல புடிச்சிக்கட்டும், நீங்க நீள பிளாஸ்டிக் பையில ஊத்தி முடிச்சு போடுங்க, ராத்திரி ஃப்ரீசர்ல போட்டா வாரம் பூரா இருக்கும். குடுக்கும்போது பைய வெட்டி கிண்ணத்துல பிதுக்கி குடுங்க. மறுநாள் ஒண்ணுக்கு ரெண்டுக்கு சிவப்பா போனா பயந்துடாதீங்க, அது பழத்தோட சாயம்.

கேரட்ட தோசை மாவுல ஒளிச்சு வைங்கன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல இஷ்டமே இல்ல, ஒரு நாள் கண்டுபிடிச்சான்னா தோசையையும் சேத்து வெறுத்துடுவான். ரெண்டே ரெண்டு துண்டு வேக வெச்சு தட்டு ஓரத்துல வைங்க, கெஞ்சாதீங்க, மெரட்டாதீங்க. புதுசா ஒண்ணு புடிக்க பத்து பதினஞ்சு தடவ கூட ஆகும், மூணாவது நாளே விட்டுட்டா எப்படி?

அப்புறம் அந்த ரெண்டு வாய் சோறு. தடிகால இருந்து வரும்போது கார்ல பாக்கெட்ல வர்ற இனிப்பு தண்ணி எதுவும் குடிக்கிறானா பாருங்க. 2019 ஜூலைல இருந்து 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருக்குற இனிப்பு பானத்துக்கு அரசாங்கம் வரி போடுது. சரியா அந்த 5 கிராமே இருக்குற 250 மில்லி பாக்கெட்னு வெச்சாலும் பன்னெண்டரை கிராம் ஆச்சு, மூணு டீஸ்பூன் சீனி! அத குடிச்ச வயித்துக்கு சோறு எங்க எறங்கும், பச்ச தண்ணி குடுத்து கூட்டிட்டு வாங்க.

இது ரொம்ப முக்கியம்: திராட்சைய முழுசா குடுக்காதீங்க, நீள வாக்குல நாலா வெட்டணும். கச்சாங் பூத்தே பொட்டலத்துல வர்ற முழு கடலையும் அஞ்சு வயசு வரைக்கும் வேணாம்.

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாசம். வாழப்பழத்த மசிச்சு கொஞ்சம் தேன் விட்டு ஊட்டலாம்னா மருமக கூடவே கூடாதுங்குறா. நாங்கல்லாம் தேன் தொட்டு வெச்சுதானே புள்ள வளத்தோம்?
- பினாங்கு ஆயர் ஈத்தாம் பாட்டி

பதில்: அம்மா, மருமக சொல்றதுதான் சரி. ஒரு வயசு முடியாம தேன் ஒரு சொட்டு கூட வேணாம். தேன்ல சில நேரம் பொட்டுலிசம்ங்கற நோய உண்டாக்குற கிருமியோட வித்து இருக்கும், நமக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா கைக்கொழந்த குடல்ல அது மொளச்சு விஷம் கக்கும். வீட்டு அடுப்புல காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஏற்கனவே குடுத்திருந்தீங்கன்னா ஒரு மாசம் வரைக்கும் கவனிங்க, மலச்சிக்கல், அழுகை சத்தம் கொறையிறது, பால் உறிஞ்ச முடியாம போறது, ஒடம்பு தொவண்டு போறது, இப்படி எது தெரிஞ்சாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

பிசாங் எமாஸ்ல நல்லா கனிஞ்சு கறுப்பு புள்ளி விழுந்ததா எடுத்து மசிச்சாலே தேன் மாதிரிதான் இருக்கும். கிண்ணத்த அவன் பக்கத்துல வைங்க, அவனே கைய விட்டு எடுக்கட்டும், மூஞ்சி முழுக்க பூசிக்குவான், பரவால்ல, பெறகு தொடச்சிக்கலாம்.