பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிச் செல்பவர்கள்

கேள்வி: மின்னசோட்டாவில் வேலை பார்க்கும் மகனுடன் மூன்று மாதம் தங்கியிருந்துவிட்டு நவம்பரில் ஊர் திரும்பினேன். நான் புறப்படுவதற்கு முந்தைய வாரம், பக்கத்து வீட்டில் இருக்கும் எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பேருந்து அளவில் இருந்த ஒரு வண்டியில் அரிசோனா பாலைவனத்துக்குக் கிளம்பினார்கள். ஏப்ரலில்தான் திரும்புவார்களாம். பெற்ற பிள்ளைகள் இருந்தும் வயதான காலத்தில் இப்படி அலைய விட்டிருக்கிறார்களே என்று பரிதாபமாக இருந்தது. வசதி உள்ளவர்கள் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கக் கூடாதா? வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள்?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: நீங்கள் நவம்பரில் திரும்பிவிட்டீர்கள். அந்தத் தம்பதியர் எதிலிருந்து கிளம்பினார்களோ அந்த ஜனவரியைப் பார்க்கவில்லை. மின்னசோட்டாவில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது ஜனவரியில் செய்தியே அல்ல. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பகலில் சற்றே உருகிய பனி இரவில் மறுபடியும் உறைந்து, நடைபாதையில் கண்ணாடி போல் படிந்திருக்கும். எழுபது வயதுக்காரர் அதில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம், அதன் பிறகு பழைய நடை திரும்பாமலே போகலாம். வாசலில் குவியும் பனியை அள்ளிப் போடுவது அங்கே பல நகரங்களில் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில் அந்த ஈரப் பனியை மண்வாரியால் அள்ளுவது இதயத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை அந்நாட்டு மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்து ஒரு முழுக் குளிர்காலத்தை ஜன்னலருகே கழித்த நம்மூர்ப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். நான்கு மாதம் வீட்டுக்குள் அடைபட்டிருப்பது என்றால் என்ன என்று அவர்கள் சொல்வார்கள்.

எனவே பிள்ளைகள் கைவிட்டதால்தான் அவர்கள் அலைகிறார்கள் என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் தனித்தனி வீட்டில் வாழ்வதை அந்தச் சமூகத்தில் இரு தரப்புமே இயல்பாகக் கருதுகிறார்கள். இந்தத் தம்பதியர் மின்னசோட்டாவிலேயே தங்கியிருந்தாலும் பிள்ளைகள் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள், தங்கள் வீட்டில் தனியாகத்தான் இருந்திருப்பார்கள். கிறிஸ்துமஸைப் பேரப்பிள்ளைகளோடு கொண்டாடிவிட்டு அதன் பிறகே தெற்கே கிளம்புகிறவர்களும் நிறைய உண்டு. குளிரைத் தாண்டிப் பறக்கும் பறவைகளை நினைத்து இவர்களை ‘ஸ்னோபேர்ட்’ என்று அழைக்கிறார்கள். டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இவர்களுக்கு ‘குளிர்கால டெக்சாஸ்காரர்கள்’ என்றே பெயர்.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. மோட்டார் கார் பரவலாகத் தொடங்கிய காலத்திலேயே, 1919இல், புளோரிடாவின் டாம்பா நகரப் பூங்காவில் கூடாரமடித்துக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். ஆனால் அது முதியவர்களின் வாழ்க்கைமுறையாக வேரூன்றுவதற்கு ஓய்வூதியம் வேண்டியிருந்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1940 முதல் மாதாமாதம் பணம் கிடைக்கத் தொடங்கியது. 1956க்குப் பிறகு நாடெங்கும் விரைவுச் சாலைகள் போடப்பட்டன. 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு 1965இல் சட்டமானது. எந்த ஊரில் நின்றாலும் பணம் வந்து சேரும், எந்த மாநிலத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் வீட்டைப் பூட்டிச் செல்லும் துணிச்சல் சாதாரண மக்களுக்கு வந்தது.

வீடு வாடகைக்கு எடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் எல்லோரும் கூட்டமாக வரும் பருவத்தில் வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஆர்.வி. எனப்படும் அந்த வீட்டு வண்டிக்குள் சொந்தப் படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் இருக்கின்றன, மருந்துப் பெட்டி இருக்கிறது, வளர்ப்பு நாயும் கூடவே வரும். அரிசோனாவில் 10ஆம் எண் விரைவுச் சாலையும் 95ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 2,413. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கும் அந்த ஊரைச் சுற்றி, ஜனவரியில் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் பாலைவனம் முழுக்க நிற்கும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில், நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை நீண்ட நாள் தங்குவோருக்கென்றே பெரும் பரப்பை ஒதுக்கியிருக்கிறது. இந்த ஏற்பாடு 1983இல் தொடங்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான ஏழு மாதத்துக்கு அங்கே அனுமதிக் கட்டணம் பல ஆண்டுகள் 180 டாலராகவே இருந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் 26 டாலர்கூட வராது. குடிநீர் பிடிக்கலாம், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யலாம், குப்பையைப் போடலாம். மின்சார இணைப்பு கிடையாது. கூரையில் பொருத்திய சூரியத் தகடும் புரொப்பேன் வாயு உருளையும்தான் துணை. இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள் யூமாவிலோ மேசாவிலோ உள்ள ஆர்.வி. பூங்காக்களில் மாத வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். அங்கே மின்சாரமும் தண்ணீரும் வண்டிக்கே வந்துவிடும். உலகிலேயே அதிக நேரம் வெயில் அடிக்கும் நகரங்களில் ஒன்று யூமா. அங்கே ஜனவரிப் பகலில் வெப்பநிலை 20 டிகிரியைத் தொடும்.

ஆனால் செலவையும் வெயிலையும் மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொன்னவனாவேன். ஓய்வுபெற்றவுடன் ஒருவரின் நாளிலிருந்து முதலில் காணாமல் போவது மனிதர்கள். அலுவலகமோ தொழிற்சாலையோ தந்த முப்பது நாற்பது முகங்கள் ஒரே நாளில் நின்றுபோகின்றன. புறநகர்த் தெருவில் பனிக்காலத்தில் பக்கத்து வீட்டாரையே வாரக்கணக்கில் பார்க்க முடியாது. வண்டிகள் நிற்கும் வெளியில் அப்படி இல்லை. கதவைத் திறந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாலே எதிரில் ஒருவர் காபிக் கோப்பையோடு நின்று பேசுவார். ஒருவருடைய மின்கலம் பழுதானால் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பார். மரவேலை, நடனம், பாலைவனத்தில் கல் பொறுக்கிப் பட்டை தீட்டுதல், சீட்டாட்டம் என்று பகல் நிறைந்துவிடும். சென்ற ஆண்டு சந்தித்தவர்களை அதே இடத்தில் இந்த ஆண்டும் பார்ப்பதற்காகவே 3,000 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார்கள். நம் திண்ணைகள் ஒரு காலத்தில் செய்த வேலையை அந்த மடக்கு நாற்காலிகள் செய்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

உடல்நலம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அரசே நேரடியாகத் தரும் அசல் மெடிகேர் காப்பீடு எல்லா மாநிலங்களிலும் செல்லும். ஆனால் தனியார் நிறுவனங்கள் வழியாக அதைப் பெறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்த ஊர் வட்டாரத்து மருத்துவர்களே அனுமதி. வெளியூரில் அவசரச் சிகிச்சையைத் தவிர மற்றவற்றுக்குக் கைப்பணம் கொடுக்க நேரலாம். வழக்கமான பல் சிகிச்சையோ அசல் மெடிகேரில் அடங்காது. யூமாவுக்கு அருகே எல்லையைக் கடந்தால் வரும் லாஸ் அல்கோதோனெஸ் என்ற சின்னஞ்சிறு மெக்சிகோ ஊரில் சில நூறு பல் மருத்துவர்கள் தொழில் நடத்துவதற்குக் காரணம் இதுதான். இந்த முதியவர்கள் காலையில் நடந்தே எல்லையைத் தாண்டிப் பல் கட்டிக்கொண்டு மாலையில் வண்டிக்குத் திரும்புகிறார்கள். கனடாவிலிருந்து வருகிறவர்கள் இதைவிடக் கவனமாக நாள் எண்ண வேண்டும். அதிக நாள் தங்கினால் அமெரிக்க வரிச் சட்டம் குறுக்கிடும். ஒன்டாரியோக்காரர் 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் பொது மருத்துவக் காப்பீட்டையே இழக்கலாம்.

உங்கள் பரிதாபம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்கள் மகனின் பக்கத்து வீட்டாருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. அவர்கள் வண்டியை நிறுத்தும் அதே பாலைவனத்தில், திரும்பிப் போக வீடே இல்லாத முதியவர்களும் நிற்கிறார்கள். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் சேமிப்பையும் வீட்டையும் இழந்தவர்கள், மணமுறிவுக்குப் பின் தனித்து நிற்கும் பெண்கள், மருத்துவக் கடனில் மூழ்கியவர்கள் அவர்களிடையே உண்டு. ஓய்வுபெற்ற தொழிலாளிக்குச் சமூகப் பாதுகாப்பிலிருந்து 2024இல் கிடைத்த சராசரித் தொகை மாதம் சுமார் 1,900 டாலர். அதற்கும் வெகு கீழே பெறுகிறவர்களால் பெருநகரத்தில் ஓர் அறையைக்கூடத் தக்கவைக்க முடியாது. அவர்கள் பழைய வேனில் குடியேறி, அக்டோபரில் மின்னசோட்டா, வட டகோட்டா எல்லையில் சர்க்கரை பீட் அறுவடைக்கும், கோடையில் பயணிகள் தங்கும் அரசு முகாம்களைப் பராமரிக்கவும் கூலிக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் சக்கரத்தின் மேல் நிற்கும் வீடுகள்தான். ஒன்றில் இருப்பவர் தானே விரும்பி வந்தார், மற்றவருக்கு வேறு வழியில்லை. இருவரையும் சுதந்திரப் பறவைகள் என்று ஒரே படத்தில் காட்டும் விளம்பரங்கள் எனக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன.

வண்டி ஓட்ட முடியாத வயது வந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே யோசித்திருக்கிறார்கள். 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. பயணிகள் சங்கம், டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அத்தகையவர்களுக்கு ஒரு பராமரிப்பு மையத்தை ஏற்படுத்தியது. நோயுற்றவர்களும் தள்ளாதவர்களும் தங்கள் சொந்த வண்டியிலேயே அங்கே குடியிருக்கிறார்கள். உணவு மையத்தில் கிடைக்கும், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஆள் உண்டு. பக்கத்து வண்டியில் இருப்பவர் பெரும்பாலும் இவர்களைப் போலவே பல குளிர்காலங்களைப் பாலைவனத்தில் கழித்தவராக இருப்பார்.