நேற்றுவரை ஓடியாடிய டாபர்மேன் நாய் திடீரென இறப்பது ஏன்?

பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது இதயத் தசை நோயை. டாக்டர்கள் 'டைலேட்டட் கார்டியோமயோபதி' என்பார்கள், சுருக்கமாக டிசிஎம். இதய அறை விரிந்து, அதன் சுவர் பலமிழந்து, ரத்தத்தை முழுசாகத் தள்ள முடியாமல் போவதுதான் இது. டாபர்மேன், கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களில் அதிகம், பரம்பரையாகவும் வரும்.

பழைய டவுசர் எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால் திரும்பாது. இதயமும் அப்படித் தளர்கிறது. ஆனால் உடம்பு ஈடுகட்டிக்கொண்டே வருவதால், வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. இடையில் துடிப்பின் தாளம் மோசமாகத் தப்பினால் சில நொடிகளில் உயிர் போய்விடலாம். எங்கள் வீட்டு நாய், கழுத்துப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் வாக்கிங்குக்கு நின்றது, அப்படியே சாய்ந்தது. அதற்கு முன் ஒரு இருமல்கூட இல்லை.

இந்தத் தாளப் பிசகு சில நிமிட இசிஜியில் சிக்காமல் போகலாம். டாபர்மேன் என்றால் 3 வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை எக்கோவும் (இதய ஸ்கேன்) 24 மணி நேர ஹோல்டர் பதிவும் (உடம்பில் கட்டிவிடும் கருவியில் தொடர்ந்து எடுக்கும் இசிஜி) எடுப்பது நல்லது. செலவுதான், மறுக்கவில்லை. அறிகுறி வருமுன்பே கண்டுபிடித்தால் பிமோபென்டான் மாத்திரை நோயைத் தள்ளிப்போடும்; குணமாக்காது.

இதை 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்லி, கறியும் முட்டையும் போட்டதால் வந்தது என்று பலர் நொந்துகொள்கிறார்கள். நம்மைப்போல் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பது நாய்களில் மிக அரிது.