இருநூறு பக்கம் ஆச்சு, இன்னும் ஊரைத் தாண்டவில்லையே!

கேள்வி: எனக்கு 52 வயது. சின்ன வயதிலிருந்து கௌபாய் காமிக்ஸில் வரும் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும்தான் என் ஹீரோக்கள். அந்தத் தைரியத்தில், எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘லோன்சம் டவ்’ நாவலைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். 200 பக்கம் தாண்டிவிட்டது. நாயகர்கள் இன்னும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு துப்பாக்கிச் சண்டை கூட வரவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ, “பூர்வகுடிகளை வில்லனாக்குற கதையை இன்னும் எத்தனை நாள்தான்பா ரசிப்பீங்க?” என்கிறாள். தொடரலாமா? நிறை, குறை என்று மேடையில் எதைச் சொல்வது?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தொடருங்கள். நானும் முதல் தடவை கிட்டத்தட்ட அதே இடத்தில் மூடி, பரணில் போட்டவன்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் கையில் வேறு புத்தகம் இல்லாததால் மறுபடி இறக்கினேன். கோளாறு புத்தகத்தில் இல்லை, நான் அதைத் திறந்த எதிர்பார்ப்பில்தான் என்று அப்போது புரிந்தது.

நாம் படித்து வளர்ந்த கௌபாய் உலகம் ஐரோப்பா சுற்றி நம்மிடம் வந்தது. டெக்ஸ் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். நாம் டைகர் என்று கூப்பிடுகிற புளூபெர்ரி 1963-இல் பிரான்சில் வந்தவர். லக்கி லூக்கை வரைந்தவர் பெல்ஜியக்காரர். அந்த மண்ணை தூரத்திலிருந்து ஆசையோடு பார்த்தவர்கள் செய்த கதைகள் அவை. மூன்றாம் பக்கத்தில் தோட்டா பறந்தாக வேண்டும். ‘லோன்சம் டவ்’ எழுதிய லாரி மெக்மர்ட்ரி அப்படியில்லை, டெக்சாஸில் மாட்டுப்பண்ணைக் குடும்பத்தில் 1936-இல் பிறந்தவர். அந்த வேலையில் பெரும்பகுதி சலிப்பும் புழுதியும்தான் என்று வீட்டிலேயே பார்த்துத் தெரிந்தவர். அவர் நாவலின் முதல் வரியில் துப்பாக்கி இல்லை, இரண்டு பன்றிகள் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பைத் தின்றுகொண்டிருக்கின்றன. அங்கேயே சொல்லிவிட்டார், இது வேறு மாதிரிக் கதை என்று.

நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்த 200 பக்கம்தான் நாவல் போட்டு வைக்கிற முதல். வட்டி பின்னால் வரும். டெக்சாஸ் எல்லையைக் காத்து ஓய்வுபெற்ற இரண்டு ரேஞ்சர்கள், ஒரு மாட்டு மந்தையை வடக்கே மொன்டானாவுக்கு ஓட்டிப் போகக் கிளம்பப் போகிறார்கள். கஸ் ஓயாமல் பேசுகிறவர், வேலை என்றால் நழுவுகிறவர். வுட்ரோ வேலையைத் தவிர எதுவும் தெரியாதவர். நியூட் என்கிற பையனுக்கும் வுட்ரோவுக்கும் என்ன உறவு என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஊரே ஊகித்த அந்த ஒரு வார்த்தையை வுட்ரோ வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. 800 பக்கத்துக்கு மேல் ஓடும் கதையில் என்னைக் கடைசிவரை இழுத்துப் போனது மாட்டு மந்தை இல்லை, அந்த வார்த்தை வருமா வராதா என்பதுதான்.

ஒரே ஒரு காட்சியை மட்டும் உடைக்கிறேன், மன்னித்துவிடுங்கள். மந்தை கிளம்பி நுயேசெஸ் ஆற்றைக் கடக்கிறது. கூட்டத்தில் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பையன். குதிரையேற்றமே இப்போதுதான் பழகியிருக்கிறான், தண்ணீர் என்றால் பயம். நடு ஆற்றில் ஒரு பாம்புக் கூட்டம். எதிரியும் இல்லை, சவாலும் இல்லை, அவன் செய்த தப்பும் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. புதைக்கும்போது கஸ் நாலு வார்த்தை பேசுகிறார்: நல்லா பாடுவான், இந்தப் பக்கத்து மண் அவனுக்குப் பழக்கமில்லை, விபத்து யாருக்கும் வரும், சரி, மிச்சப் பேர் மொன்டானா போவோம். அவ்வளவுதான். அதுவரை சாகசக் கதை என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆறும் பயமாக இருந்தது. யாருக்கும் உத்தரவாதம் கிடையாது என்று தெரிந்துவிட்டதே.

அப்புறம் வசனம். 1970-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் நடிகர்கள் ஜான் வேய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா மூவரையும் மனதில் வைத்து எழுதிய திரைக்கதை இது. வேய்ன் மறுத்துவிட, படம் நின்றுபோனது. பத்து வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து 1985-இல் நாவலாக வந்தது, மறு வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. பேச்சில் இவ்வளவு உயிர் இருப்பதற்கு அந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1989-இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு மேடை ஏறலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கஸ்ஸாக ராபர்ட் டுவால் அருமையாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் வுட்ரோ சொல்லாமல் விழுங்குகிறவை புத்தகத்தில்தான் இருக்கின்றன.

இனி குறைகள். சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். பல நாள் குதிரையில் போனாலும் ஆள் தட்டுப்படாத சமவெளி என்கிறார், ஆனால் யார் யாரைத் தேடினாலும் சந்தைக்கு வந்த மாதிரி முட்டிக்கொள்கிறார்கள். அர்கன்சாவிலிருந்து கிளம்புகிற ஜூலை ஜான்சன் என்ற ஷெரீப்பின் கிளைக்கதை நடுவில் தொய்கிறது. அங்கே நான் இரண்டு ராத்திரி புத்தகத்தோடு தூங்கியிருக்கிறேன். ஊர் மதுக்கடையில் இருக்கும் லொரீனாவை ஆரம்பத்தில் அவ்வளவு பிடிவாதக்காரியாகக் காட்டிவிட்டு, ஒரு கொடுமைக்குப் பிறகு நீண்ட நேரம் மௌனத்தில் நிறுத்திவிடுகிறார். கஸ்ஸின் பழைய காதலி கிளாரா வந்தபிறகுதான் பெண்கள் பக்கம் நாவலுக்கு முதுகெலும்பு கிடைக்கிறது. அவர் வரவே பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது.

பெரிய குறை உங்கள் மகள் சொன்னதுதான். அதை மழுப்ப வேண்டாம். புளூ டக் என்கிற வில்லன் வருவான், பாதி கொமாஞ்சி என்ற பூர்வகுடி இனத்தவன். இந்த நாவல் வழியில் வருகிறவர் போகிறவர் மனதுக்குள் எல்லாம் புகுந்து உட்கார்கிறது. உதவி ஷெரீப்பின் புலம்பலுக்குக்கூட பக்கம் பக்கமாக இடம் உண்டு. புளூ டக்குக்கு மட்டும் அது கிடையாது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்காமல், கெட்டது என்றால் அவன் என்று விட்டுவிடுகிறது. மற்ற பூர்வகுடிகள் பெரும்பாலும் பசியால் மெலிந்த உருவங்களாகத் தூரத்தில் வந்து போகிறார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், மெக்மர்ட்ரிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கதை நடப்பது 1870-களின் பிற்பகுதியில். தலைவர் குவானா பார்க்கரின் கொமாஞ்சிகள் சரணடைந்தது 1875-இல். காட்டெருமையைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தீர்த்து அவர்கள் சோற்றில் கை வைத்தபிறகுதான் அது நடந்தது. நாவலிலேயே ஒரு கிழவர் சமவெளியில் எருமை எலும்பு பொறுக்கி மலை மாதிரிக் குவித்துக்கொண்டிருப்பார். இந்த ஊரைச் சுவாரசியமாக வைத்திருந்த மனிதர்களை நாமேதான் கொன்று தீர்த்தோம் என்று கஸ்ஸே சொல்வார். அவ்வளவு தெரிந்தவர், அந்த மனிதர்களில் ஒருவரையாவது நாலு பக்கம் பேச விட்டிருக்கலாம். மேற்கின் பழங்கதையை உடைக்க எழுதினேன், ஜனங்கள் அதையே இன்னொரு பொற்காலக் கதையாக எடுத்துக்கொண்டார்கள் என்ற பொருளில் அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். ஆனால் கஸ்ஸை அவ்வளவு இனிமையாக எழுதிவிட்டு, வாசகன் மயங்கிவிட்டான் என்று குறைப்பட்டால் எப்படி?

மேடையில் இதைத்தான் சொல்லுங்கள். பிடித்ததைப் பிடித்தது என்றே சொல்லலாம், அதற்காகக் கூச வேண்டியதில்லை. மகளையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், அந்தக் கேள்வியை அவரே எழுந்து கேட்கட்டும். வாசித்துக் காட்ட ஒரு பகுதி வேண்டுமென்றால், கஸ் எழுதி வைக்கிற விளம்பரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை வாடகைக்குக் கிடைக்கும், ஆடும் கழுதையும் வாங்குவதுமில்லை விற்பதுமில்லை, பன்றிகள் வாடகைக்கு இல்லை, கடைசியில் அவருக்கே அர்த்தம் தெரியாத ஒரு லத்தீன் வரி. கூட்டம் சிரிக்கும்.

இன்னொன்று. சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங் என்று இரண்டு பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செருகி வையுங்கள். இருவரும் நிஜத்தில் வாழ்ந்த டெக்சாஸ் மாட்டு வியாபாரிகள். கடைசி வரியைப் படித்து முடித்தபிறகு அவர்கள் கதையைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் கூகுள் பக்கமே போகாதீர்கள்.