தும்பிக்கை வெச்ச 'லை' எங்க போச்சுங்க?

கேள்வி: தாத்தாவோட கல்யாணப் பத்திரிகை பழைய டிரங்குப் பொட்டியில கெடச்சுதுங்க. அதுல 'லை', 'னை' எல்லாம் தலைக்கு மேல சுழிச்சு என்னமோ மாதிரி இருக்கு. அப்ப எழுதுன தமிழே வேறயா? (வாசகி, கோபி)

பதில்: தமிழ் அதேதானுங்க அம்மிணி, அச்சாபீஸ் கணக்குதான் மாறிப்போச்சு. அப்பல்லாம் எழுத்துன்னா ஈயத்துல வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த கட்டைங்க, கேஸ்ங்கிற மரத்தட்டுல அறை அறையா கெடக்கும், எழுத்து கோர்க்கிற கம்போசிட்டர் நின்னுக்கிட்டே ஒண்ணொண்ணா பொறுக்கி ஸ்டிக்குங்கிற கைச்சட்டத்துல கோர்க்கோணும், அடிச்சு முடிச்சதும் மறுபடி பிரிச்சு அந்தந்த அறையில போடோணும். இங்கிலீசுக்கு பெரிய எழுத்து சின்ன எழுத்து சேர்ந்தாலே 52தான். நமக்கு? 'லா'வுக்கு ஒரு ல, ஒரு கால் போட்டா முடிஞ்சுது, ஆனா ணா, றா, னாவுக்கு தனியா வளைச்ச கட்டை, ணை, லை, ளை, னைக்கு தும்பிக்கை வெச்ச கட்டை. எழுத்து கூடக்கூட ஈயமும் அறையும் நேரமும் கூடும்ல.

இத மாத்துனது நம்ம ஈரோடுங்க. பெரியார் 1925ல 'குடி அரசு' ஆரம்பிச்சாரு, மண்டி யாவாரம் பாத்த மனுசன், தண்டச்செலவு கண்ணுக்குத் தெரியாம இருக்குமா. 1935ல இருந்து பத்திரிகையில, தனிக்கட்டை வேணாம்னு 'லா' மாதிரியே பிரிச்சுப் போடுற புது எழுத்தையே போட்டாரு, மேல சொன்னதோட ணொ, ணோ மாதிரி எல்லாம் சேர்த்து மொத்தம் 13 எழுத்து. கவர்மெண்டு ஏத்துக்கிட்டது 1978ல, கணக்கு போட்டா 43 வருசம்! நானெல்லாம் தும்பிக்கையோட படிச்சு நடுவுல மாத்திக்கிட்ட ஆளு, அவசரமா எழுதுனா இப்பவும் தும்பிக்கை வந்துரும்.

கேள்வி: மிஷின் வந்தப்ப அச்சுத் தொழிலாளிங்க சண்டை போடலியா? (வாசகர், சோமனூர்)

பதில்: விசைத்தறி ஊர்க்காரர் இந்தக் கேள்வி கேக்காம இருந்தாத்தான் அதிசயம். லண்டன்ல 1814 நவம்பர் 29, 'தி டைம்ஸ்' பேப்பர மொத மொதல்ல நீராவி மிஷின்ல அடிச்சாங்க, கேனிக்னு ஒரு ஜெர்மன்காரர் பண்ணுன மிஷின். கையில மணிக்கு 250 தாள் அடிச்சாலே பெருசு, இது 1,100. கலாட்டா ஆயிரும்னு பயந்து முதலாளி ஜான் வால்டர், வெளிநாட்டுச் சேதி வரோணும் காத்திருங்கன்னு ஆளுங்கள உக்கார வெச்சுட்டு பக்கத்துக் கட்டடத்துல ராவோட ராவா அடிச்சு முடிச்சுட்டாரு, விடியக்காலம் வந்து பேப்பர் அடிச்சாச்சு, வேற வேலை கெடைக்கிற வரைக்கும் சம்பளம் தர்றேன்னாரு. கெட்டிக்காரத்தனம்னு சொல்றதா வஞ்சகம்னு சொல்றதான்னு எனக்கு இன்னும் புடிபடல. ஆனா கம்போசிட்டர் தப்பிச்சாரு, கீபோர்டு தட்டுனா வரி வரியா ஈயத்துல வார்த்துக் குடுக்கிற லைனோடைப் 1886லதான் நியூயார்க்ல ஒரு பேப்பர் ஆபீசுக்கு வந்துச்சு. எங்கூர்ல காலால மிதிச்சு அச்சடிக்கிற டிரெடில் மிஷின் கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் கடக்கு கடக்குன்னு ஓடுச்சுங்க, எழுத்து கோர்த்தது கைதான்.

கேள்வி: பழைய புக்கு ஏன் மஞ்சளாகி அப்பளமாட்ட நொறுங்குது? (வாசகர், பவானி)

பதில்: முன்ன கந்தல் துணியில காயிதம் பண்ணுனாங்க, அது தாங்கும். மிஷின் தின்ன தீனிக்கு கந்தல் பத்தல, 1800களோட பின்பாதியில மரக்கூழுக்குப் போனாங்க. அதுல இருக்கிற லிக்னின்ங்கிற மரப்பொருளும், சேர்த்த படிகாரத்து அமிலமும் சேர்ந்து நாளாவட்டத்துல அரிச்சுரும். நம்ம பக்கம் புகளூர் மில்லுல கரும்புச் சக்கையிலயும் காயிதம் பண்றாங்க, நக்கிப் பாத்துறாதீங்க, இனிக்காது.