பக்கத்து வீட்டு அக்கா பேசுவதில்லை, என்ன செய்வது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 58. ஒன்பதாவது மாடி வீடு. பக்கத்து வீட்டு அக்காவோடு 22 வருஷப் பழக்கம். ஒருவர் வீட்டு மாற்றுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும் அளவுக்கு நெருக்கம். நான்கு மாதம் முன்பு யாரோ நகர மன்றத்துக்குப் புகார் செய்ய, ஆள் வந்து பார்த்து, காரிடாரில் அக்கா வைத்திருந்த தொட்டிகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த கறிவேப்பிலைச் செடியும் போயிற்று. மறுநாள் காலை வாசகியின் வீட்டுச் சாவி ஒரு பிளாஸ்டிக் பையில் அவர் கேட்டிலேயே தொங்கியது.

“புகார் செய்தது நான் இல்லை. ஆனால் மூன்றாவது வீட்டுப் பெண்ணிடம் மின்தூக்கியில் ஒருநாள், ‘செடித் தட்டில் தண்ணீர் நிற்கிறது, கொசு வருகிறது’ என்று சொன்னேன். அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? சமரச நிலையத்துக்குப் போகலாமா? தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மின்தூக்கி வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அக்காவைப் பொறுத்தவரை விஷயமே அதுவாக இருக்கலாம். மூன்றாவது வீட்டிலிருந்து அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தால், அவர் ஒன்றும் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. “என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானே தட்டைக் கழுவி வைத்திருப்பேனே” என்றுதான் மனம் கொதித்திருக்கும். டெங்கி பற்றி நீங்கள் கவலைப்பட்டதில் தப்பில்லை. சொன்ன இடம்தான் தப்பு.

ஆகவே புகார் செய்யவில்லை என்று நிரூபிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். அது நடக்காது. புகார் செய்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். காரிடாரில் இருக்கும் அத்தனை பேர் மீதும் சந்தேகம் அப்படியே நிற்கும். அடுக்குமாடி வாழ்க்கையில் எத்தனையோ நட்பு இப்படித்தான் முறிகிறது. செடியை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் விதிமுறை என்பதையும் அவரிடம் விளக்கப் போகாதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேறக் காரிடாரில் 1.2 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். செடியை இழந்தவரிடம் அளவுக்கோலை நீட்டுவதில் என்ன பயன்?

நேரில் போங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், எழுதியதை அவர் பத்து தடவை படித்து பத்து அர்த்தம் எடுப்பார். மின்தூக்கியிலும் வேண்டாம், அங்கே அவர் நழுவ இடமில்லை. நல்லது செய்வதாக நினைத்து மூன்றாவது வீட்டுப் பெண்ணைத் தூது அனுப்பிவிடாதீர்கள். மாலை நேரம், அவர் வீட்டில் விருந்தாள் இல்லாத நாளாகப் பார்த்து, கேட்டுக்கு வெளியே நின்றே பேசுங்கள். இவ்வளவு போதும்: “அக்கா, நகர மன்றத்துக்குச் சொன்னது நான் இல்லை. ஆனா தண்ணி நிக்குதுன்னு உங்ககிட்ட சொல்லாம வேற ஆள்கிட்ட சொன்னேன். அது தப்பு, மன்னிச்சிடுங்க. செடி போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள். பதிலுக்குக் காத்திருந்தால் அவர் உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும். உடனே வரும் வார்த்தை பெரும்பாலும் கோபமாகத்தான் வரும்.

சமரச நிலையம் பற்றிக் கேட்டீர்கள். சமூக சமரச நிலையம் 1998 முதல் இயங்குகிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். அதற்கும் மேலே, 2015இல் அண்டைவீட்டார் பூசல்களுக்கென்று தனி நடுவர் மன்றமே வந்தது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் சத்தம், துர்நாற்றம், வழியை அடைப்பது போன்ற தொல்லைகளுக்கு உரியவை. “இவர் என்னிடம் பேசுவதில்லை” என்று நடுவர் மன்றத்தில் மனுப்போட முடியாது. அதோடு, அரசாங்கக் கடிதம் ஒன்று அக்கா வீட்டுக்குப் போனால், முதல் புகாரும் நீங்கள்தான் என்று அவர் முடிவே கட்டிவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாடியில் தமிழ் பேசுவது இரண்டே வீடு என்று எழுதியிருந்தீர்கள். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் இன்னின்ன இனத்தார் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. நம்மவர்கள் ஒரே இடத்தில் குவியாமல் பரவியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நீங்கள் இழந்திருப்பது ஒரு தோழியை மட்டுமல்ல, வாசலில் நின்றபடியே தமிழில் பேச இருந்த ஒரே ஆளையும்தான். கிராமத்தில் ஒரு வீட்டோடு மனஸ்தாபம் என்றால் அடுத்த திண்ணை இருக்கும், இரண்டு பக்கமும் பேசிப் பார்க்க ஒரு பெரியவர் இருப்பார். காரிடாரில் அது கிடையாது. நான்கு மாதமாகத் தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அதை அசட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். சமூக மன்றத்தில் ஏதாவது ஒரு தமிழ் வகுப்பிலோ குழுவிலோ இப்போதே சேருங்கள். அக்கா திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அது உங்களுக்கு வேண்டும்.

பழைய நெருக்கம் வருமா என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் காரிடாரில் எதிரே வரும்போது தலையசைக்கும் அளவுக்கு வரட்டும். அவர் பார்க்காவிட்டாலும் நீங்கள் அசையுங்கள். “சாப்டாச்சா” எல்லாம் பிறகு.

தீபாவளிப் பலகாரம் கொண்டுபோங்கள், ஆனால் எப்போதும் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக. பெரிய தட்டு என்றால் திருப்பிச் செய்தாக வேண்டிய கடனாகிவிடும். அவர் கதவைத் திறக்கவில்லையென்றால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், பையில் போட்டுக் கேட்டில் மாட்டாதீர்கள். சாவி வந்ததும் அந்த வழியில்தான்.

அவர் வீட்டுச் சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால், அவர் கேட்கும்வரை அப்படியே வைத்திருங்கள்.