வீட்டுச் செபம்: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாசையூர்த் தாய்: இவர் பின்னேரம் தொழிலுக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். குடும்பமாகச் செபமாலை சொல்ல நேரம் அமைவதே இல்லை. பிள்ளைகளுக்கு 4, 7 வயது.

அவர் வீட்டில் நிற்கிற நேரத்தைப் பிடியுங்கள். இரவு ஏழு மணிக்குத்தான் செபம் என்று எங்கும் எழுதியில்லை. என் அப்பாவும் கடற்தொழிலாளிதான். வலையை வாசலில் வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். உப்பில் ஊறிய விரல், சொரசொரவென்று இருக்கும். எல்லோருமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வோம். அவ்வளவுதான், போய்விடுவார். காற்று பலமாக அடிக்கிற இரவுகளில் எங்களை முழந்தாளிடச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

ஐந்து பத்தும் (பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதியும்) சொன்னால்தான் செபமாலை என்று நான்கு வயதுப் பிள்ளையை இருத்தி வைக்காதீர்கள். ஒரு பத்துப் போதும். மூத்தவர் தொடங்கட்டும், சின்னவர் மணியை நகர்த்தட்டும்.

நாவாந்துறை, கொழும்புத்துறை, இன்னும் மூவர்: எத்தனை நிமிடம் செபிக்க வேண்டும்?

சின்னப் பிள்ளைகள் என்றால் ஐந்து நிமிடம். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம், ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் என்பதைவிட நல்லது.

குருநகர்: செபத்துக்கு வராவிட்டால் போனைப் பறிக்கலாமா?

வேண்டாம். போனுக்கு நேரக் கட்டுப்பாடு வையுங்கள், ஆனால் அதைச் செபத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்த பிள்ளையை முழந்தாளில் நிறுத்துவார்கள். வீட்டிலும் அதே முழந்தாள் தண்டனையாகிவிட்டால், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் கோயிலில் எதை நினைத்து முழந்தாளிடும்? செபத்தைத் தண்டனையாக்காதீர்கள்.

மானிப்பாய்: நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கர் அல்ல, புரட்டஸ்தாந்தர். மனப்பாடமாகச் சொல்வது செபமா? வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே.

மத்தேயு 6:7. இரண்டு வசனம் தள்ளி வாசியுங்கள், அங்கேதான் அவர் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தருகிறார். கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் (26:44). சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி. தாங்கமுடியாத வேதனையில் மனிதருக்குச் சொந்தச் சொல் வராது, மனப்பாடமான சொல்தான் வரும்.

இளவாலை: சரியாகச் சொன்னீர்கள். சொந்த வார்த்தைச் செபம் அவர்களுடைய வழக்கம். எங்கள் பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

நான் அப்படிச் சொல்லவில்லை. "ஆண்டவரே, எங்கட நாய்க்குட்டிக்குச் சுகம் தாரும்" என்று முதல்நன்மை (முதல் தடவை நற்கருணை) வாங்க ஆயத்தமான ஒரு பிள்ளை வகுப்பில் செபித்தது. அதுவும் முழுச் செபம்தான்.

மானிப்பாய் (மறுபடியும்): அப்படியானால் பிள்ளைக்கு முதலில் எது?

இரண்டும் ஒரே இரவில். முதலில் பிள்ளை அன்றைக்கு நடந்த ஒன்றைத் தன் வாயால் சொல்லட்டும், அப்புறம் எல்லோருமாகக் கர்த்தர் கற்பித்த செபம்.

இரு பக்கத்தாருக்கும் ஒன்று சொல்கிறேன். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. 1687இல் கத்தோலிக்கக் குருவான புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாக நடந்தார். அதைப் பார்த்து முகம் மாறியவர்களைக் கொண்டுதான் தம் மக்களை இனங்கண்டார். பின்பு சில்லாலை என்ற ஊரில் தங்கினார். ஏறக்குறைய முப்பது வருடம் அந்த மக்களின் விசுவாசம் வீடுகளில்தான் உயிரோடு இருந்தது. பூசை இல்லாத காலத்தில் தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துவோம்.

வண்ணார்பண்ணை: கணவர் சைவர். பிள்ளையை எப்படிப் பழக்குவது?

நீங்கள் இருவரும் சேர்ந்து பங்குத்தந்தையிடம் நேரில் பேச வேண்டிய விஷயம் இது. அதுவரை கணவருக்கு ஒளித்துச் செபிக்க வேண்டாம். ஒளிப்பதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

சுண்டுக்குளி: புலமைப்பரிசில் வகுப்பு, ரியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருகிறான். எத்தனை நிமிடம்...

மேலே இருக்கிறது. சோதனை முடியும்வரை செபத்தை ஒத்திவைக்காதீர்கள். சோதனையில் சித்தியடையத்தான் செபம் என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அம்மம்மா சுகமாக வேண்டும் என்று மகன் (10) ஒவ்வொரு இரவும் செபித்தான். அவ இறந்துபோயிட்டா. இனிச் செபிக்க மாட்டானாம்.

அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள், அம்மா. "கடவுளுக்கு அம்மம்மா தேவைப்பட்டா, அதுதான் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லவே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கடவுளைப் பறிக்கிறவராகக் காட்டும். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. அவனுடைய கோபத்துக்கும் செபத்தில் இடமுண்டு என்று ஒருநாள் சொல்லலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

இன்றிரவு அவனைக் கூப்பிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். அவனுக்குக் கேட்கிற தூரத்தில் இருந்து, அம்மம்மாவின் பெயரைச் சொல்லி நீங்கள் செபியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.